ஒஸ்ஸோபூக்கோ நன்று, ரொஸ்தின் நெகா அதைவிட நன்று

மிலானுக்கு வந்தவர்கள் ஒஸ்ஸோபூக்கோ என்ற கன்றுக்கால் இறைச்சிப் பண்டத்தைச் சாப்பிடாமல் ஊர் திரும்பக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள். துவோமோ பேராலயத்தைச் சுற்றியுள்ள உணவகங்கள் பல அந்தச் சட்டத்தின் தயவில்தான் செழிக்கின்றன. மேசைக்கு மேசை அதே தட்டு. ரிசோத்தோ என்று சொல்லும் மஞ்சள் சோற்று மேடு, அதன்மேல் தக்காளிச் சிவப்பில் ஒரு கால் துண்டு, ஓரத்தில் அலங்காரத்துக்கு ஒரு பார்ஸ்லிக் கொத்து. படம் எடுத்து முடிப்பதற்குள் சோறு இறுகிவிடும். அங்கே கொடுக்கும் பணத்தில் பாதி ஜன்னல் வழியே தெரியும் கோபுரங்களுக்குப் போகிறது. அதில் தவறில்லை, கோபுரங்கள் அழகானவைதான். ஆனால் நாக்குக்குக் கோபுரம் தெரியாது.

நான் சொல்ல வந்தது வேறொரு கடையைப் பற்றி. போர்த்தா ரொமானா மெட்ரோ நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பெயரை எழுதமாட்டேன். மேசைகள் குறைவு, கூட்டம் சேர்ந்தால் எனக்குத்தான் நஷ்டம். அதோடு குறைகளையும் சொல்லப்போகிறேன். தேடிப் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு அடையாளம் மட்டும் தருகிறேன்: இடுப்பளவு உயரத்துக்கு மரப்பலகை அடித்த சுவர், துணி விரிப்பின்மேல் காகித விரிப்பு, கையால் எழுதிய ஒற்றைத் தாள் மெனு. அந்தத் தாளில் மிலான் மொழிப் பெயர்களுக்கு விளக்கம் எதுவும் கிடையாது. பரிமாறுகிற பெரியவரிடம் கேட்டால் சொல்வார், மனம் வைத்தால்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையின் பெருமை கன்றுக்குட்டி இறைச்சி. அது ஆகாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை. ஆனால் பாலும் பாலாடைக்கட்டியும் மட்டும் உண்டு, கன்றைத் தொடமாட்டேன் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. மிலான் இருக்கும் லொம்பார்தியா இத்தாலியின் முதன்மையான பால் மாநிலம். கிரானா பதானோ, கொர்கொன்சோலா என்ற பாலாடைக்கட்டிகள் அந்தப் பாலிலிருந்தும் பிறக்கின்றன. பசு கன்று ஈன்றால்தான் பால்; ஈன்றவற்றில் பாதி காளைக்கன்று. பால்பண்ணைக்கு அது உதவாது. இந்த ஊர்ச் சமையலில் கன்றின் இறைச்சி இவ்வளவு இடம் பிடித்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். ஐரோப்பியச் சட்டப்படி 8 மாதம் தாண்டாத கன்றின் இறைச்சியை மட்டுமே இங்கே 'வித்தெல்லோ' என்று எழுதி விற்கலாம். 8 வாரத்துக்கு மேற்பட்ட கன்றைத் தனிக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 2007 தொடக்கத்திலிருந்து ஒன்றியம் முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அது போதுமா என்றால் போதாது என்றுதான் நான் சொல்வேன். சாப்பிடுகிறேன் என்பதற்காகக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

இனி தட்டுக்கு வருவோம். ஒஸ்ஸோபூக்கோ என்பது கன்றின் கெண்டைக்காலைக் குறுக்காக அறுத்த துண்டு. நடுவில் வட்டமாக எலும்பு, எலும்புக்குள் மஜ்ஜை, சுற்றிலும் சதை. பின்னங்காலில் சதை அதிகம், அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முன்னங்கால் துண்டில் எலும்பும் நரம்பும்தான் மிஞ்சும். கனம் 4 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மெல்லியதாக அறுத்தால் சதை வேகும் முன்பே மஜ்ஜை உருகி வெளியே ஓடிவிடும். துண்டைச் சுற்றி ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும். அதை இரண்டு மூன்று இடங்களில் கத்தியால் கீறாமல் சட்டியில் போட்டால், வளைவில் வெட்டுக் கொடுக்காத கழுத்துப்பட்டித் துணிபோல இழுத்துக்கொண்டு கிண்ணமாகக் குழிந்துவிடும். நான் ஆடைக் கூடத்தில் பேட்டர்ன் வெட்டும் வேலை செய்கிறவள். எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். குழிந்த துண்டில் மேல்பாதி சிவக்காது, அடிப்பாதி கருகிவிடும். இந்தக் கடையின் துண்டு தட்டில் தட்டையாகப் படுத்திருக்கிறது. சவ்வு கீறியிருக்கிறார்கள், கீறிய இடம் தெரிகிறது.

சமைக்கும் முறையில் ரகசியம் எதுவுமில்லை. மாவில் லேசாகப் புரட்டி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு, வெங்காயத்தோடு வெள்ளை வைன் ஊற்றி, அது வற்றியதும் இறைச்சிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மூடி போட்டு மெல்லிய தீயில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். கெண்டை நடக்கும் தசை, நார் மிகுந்தது. அந்த நாரின் கொலாஜன் ஈரச் சூட்டில் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். குழம்பு உதட்டில் ஒட்டுகிறது என்றால் அதனால்தான். மாவு கொட்டிக் கெட்டியாக்கிய குழம்பு நாக்கில் படியும், உதட்டில் ஒட்டாது. இவர்களுடையது ஒட்டுகிறது. முள்கரண்டியின் முதுகால் அழுத்தினாலே சதை விலகுகிறது, ஆனால் தூளாகவில்லை. எலும்போடு அது பிடித்துக்கொண்டிருக்கும் கடைசி நிலையில் அடுப்பை அணைத்திருக்கிறார்கள். இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் எலும்பு தனியாக உருண்டிருக்கும்.

மஜ்ஜைக்கு வருகிறேன். ஆட்டு நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சி வளர்ந்தவள் நான். இங்கே அப்படித் தட்டினால் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். அதற்கென்று நீண்ட, ஒடுங்கிய கரண்டி ஒன்று தருவார்கள். மிலான்காரர்கள் அதற்கு வைத்த கேலிப்பெயர் 'வரி வசூலிப்பவர்'. உள்ளே ஒளித்து வைத்ததையும் விடாமல் சுரண்டி எடுத்துவிடுமாம். பல உணவகங்களில் இந்தக் கரண்டி வழக்கொழிந்துவிட்டது, தேநீர்க் கரண்டியின் காம்பால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடையில் இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் வரும். ஏன் கேட்டால்தான் வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

குழம்பின் நிறம் இங்கே வெளிறிய பழுப்பு. தக்காளி இல்லை. இது பெரிய சண்டைக்குரிய விஷயம். என்னுடன் வேலை செய்யும் மூத்த பெண்மணி இந்த ஊரிலேயே பிறந்தவர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறார். நாங்கள் அவரை சிஞோரா என்றுதான் கூப்பிடுவோம். இந்தக் கடையை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

“தக்காளி போட்ட ஒஸ்ஸோபூக்கோ வேண்டுமென்றால் புளோரன்ஸுக்கு ரயில் ஏறு,” என்றார். “நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே வந்து கேட்காதே.”

“நகரின் பாதி உணவகங்கள் தக்காளி போடுகின்றனவே, சிஞோரா?”

“நகரின் பாதி உணவகங்கள் ரிசோத்தோவில் கிரீம்கூட ஊற்றுகின்றன. அதற்காக?”

சிஞோரா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891இல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலிலேயே இந்தப் பண்டத்துக்குத் தக்காளி உண்டு. ஆனால் அவர் பிறந்தது ரொமாஞ்ஞாவில், வாழ்ந்தது புளோரன்ஸில். இதை மிலான்காரர்களிடம் விட்டுவிடுவதே நல்லது, கேலிக்கு ஆளாவேனோ என்ற அச்சத்தோடுதான் எழுதுகிறேன் என்று அவரே முன்னுரை போட்டுக்கொண்டார். அவர் பயந்தது சிஞோராவின் கொள்ளுப்பாட்டிகளுக்குத்தான் இருக்க வேண்டும். என் கட்சி எது என்றால், தக்காளி இல்லாத குழம்புதான். தக்காளியின் புளிப்பு வந்துவிட்டால் கடைசியில் தூவும் எலுமிச்சைக்கு வேலை இல்லாமல் போகிறது.

அந்தத் தூவலுக்குக் கிரெமொலாத்தா என்று பெயர். எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதி மட்டும், பூண்டு, பார்ஸ்லி, மூன்றையும் பொடியாக நறுக்கிக் கலப்பது. இது நெடுநேரம் வேகக்கூடாது. இறக்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு சேர்ப்பது ஒரு வழக்கம், தட்டில் வைத்தபின் தூவுவது இன்னொரு வழக்கம். இரண்டு மணி நேரம் வெண்ணெயிலும் சாற்றிலும் கிடந்த இறைச்சிக்கு எழுந்து உட்கார ஒரு காரணம் வேண்டாமா, அதை இதுதான் தருகிறது. இந்தக் கடையில் அதைக் கடைசி நொடியில், உங்கள் கண் முன்னால், கத்தியின் நுனியால் எடுத்துப் போடுகிறார்கள். சூட்டில் எலுமிச்சை எண்ணெயின் மணம் மேலே வருகிறது. பூண்டு பச்சையாக இருப்பதால் முதல் வாயில் கொஞ்சம் காரம். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் கிளறிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் அடங்கிவிடும்.

ரிசோத்தோவைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து, மதியக் கருத்து, இரவுக் கருத்து. இத்தாலியில் சோறும் இறைச்சியும் தனித்தனி வரிசை. ஒன்று முடிந்துதான் மற்றது. அந்த ஒழுங்கை மீறி ஒரே தட்டில் இரண்டும் சேர்ந்து வரும் பேர்பெற்ற விதிவிலக்கு இதுதான். குங்குமப்பூ ரிசோத்தோவின் பிறப்புக்கு ஒரு கதை உண்டு. 1574இல் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி வேலைக்கு வந்த பெல்ஜியக் கலைஞரின் மகள் திருமணத்தில், குங்குமப்பூவை எல்லாச் சாயத்திலும் கலக்கும் சீடன் ஒருவன் அதைச் சோற்றிலும் கலந்துவிட்டான் என்பார்கள். கதை என்ற அளவில் நன்றாக இருக்கிறது, நம்புவதற்கு நான் பணம் கட்டமாட்டேன். செய்முறை கதையைவிடச் சுவாரசியமானது. வெண்ணெயோடு மாட்டு மஜ்ஜையையும் உருக்கி அதில் வெங்காயத்தை வதக்கி, அரிசியை வறுத்து, சாறு ஊற்றிக் கிளறிக்கொண்டே வர வேண்டும். ஏறத்தாழ 18 நிமிடம் யாராவது அடுப்பின் முன் நிற்க வேண்டும். வேறு வழி இல்லை.

இரவில் இந்தக் கடை தேறிவிடுகிறது. தட்டைச் சாய்த்தால் ரிசோத்தோ அலைபோல மெதுவாக நகர்கிறது, அரிசியின் நடுவில் பல்லுக்குத் தெரியும் ஒரு புள்ளி மிச்சமிருக்கிறது, குங்குமப்பூ இழைகள் அங்கங்கே கண்ணில் படுகின்றன. மதியத்தில் தேறவில்லை. அலுவலகக் கூட்டம் ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிடுவதால், முன்கூட்டியே பாதி வேகவைத்த அரிசியை எடுத்து முடித்துத் தருகிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் மேசைக்கு வந்த ரிசோத்தோவைப் பார்த்து வேறெதை நினைப்பது? வெளிப்புறம் குழைந்து, உள்ளே மாவாக இருந்தது. மேலே இருந்த ஒஸ்ஸோபூக்கோ குறையில்லாமல் இருந்ததால் அந்தச் சோறு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மதியம் போகிறவர்கள் மெனுவில் ‘அல் சால்தோ’ இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய நாள் மிஞ்சிய ரிசோத்தோவை வெண்ணெயில் தட்டையாக அழுத்தி, அடை மாதிரி இருபுறமும் மொறுமொறுப்பாகச் சிவக்க வைப்பது. அதை இவர்கள் அபாரமாகச் செய்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு, இந்தக் கடைக்கு நான் ஒஸ்ஸோபூக்கோவுக்காகப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெனுவின் அடியில் அதிகம் பேர் கேட்காத ஒரு பெயர் இருக்கிறது: ரொஸ்தின் நெகா. கன்றின் இடுப்புப் பகுதியிலிருந்து எலும்போடு வெட்டிய கனத்த துண்டு. மாவில் புரட்டி, வெண்ணெயிலும் பான்செத்தா என்ற உப்பிட்ட பன்றி வயிற்றிறைச்சியிலும், ரோஸ்மேரி, சேஜ் இலைகளோடு சிவக்க வைத்து, வெள்ளை வைனில் முக்கி, சாறு ஊற்றி மூடி வைப்பது. தட்டில் பார்த்தால் எந்தக் கவர்ச்சியும் இல்லை. பழுப்பு இறைச்சி, பழுப்புக் குழம்பு, வதங்கிய இரண்டு இலை. படம் எடுக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்கமாட்டார்கள்.

ஒஸ்ஸோபூக்கோவில் சமையல்காரருக்குக் கால் எலும்பே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. அதில் நாரும் மஜ்ஜையும் இருக்கின்றன. நேரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அவை மன்னிக்கும். சுமாரான கையிலும் அது சாப்பிடும்படி வந்துவிடும், அதனால்தான் பேராலயத்தைச் சுற்றி அத்தனை கடைகள் பிழைக்கின்றன. இடுப்புத் துண்டு அப்படியில்லை. உழைக்காத தசை. கரைவதற்குக் கொலாஜன் அதிகமில்லை, காப்பாற்றக் கொழுப்பும் அதிகமில்லை. கெண்டைக்குக் கொடுக்கும் நேரத்தை இதற்கும் கொடுத்தால் மரத்தூள். அவசரமாக இறக்கினால் வறுத்த இறைச்சி, சாறு உள்ளே போயிருக்காது. ஒரு மணி நேரத்துக்குள், சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கடையின் சமையலறையில் உண்மையில் யாராவது அடுப்பைப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே பார்க்கிறார்கள். வெட்டிய இடத்தில் சதை இளஞ்சாம்பல் நிறத்தில் ஈரமாக இருக்கிறது, அழுத்தினால் கசிகிறது. குழம்பு மிகக் கொஞ்சம், நான்கு கரண்டிகூட வராது, ஆனால் வைனும் வெண்ணெயும் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகிவிட்டன. சேஜ் இலையின் லேசான கசப்பு முடிவில் வருகிறது. பான்செத்தாவின் உப்பே போதும் என்று மேற்கொண்டு உப்பு போடவில்லை என்று நினைக்கிறேன், சரியான முடிவு. மிகெத்தா என்ற உள்ளே கூடாக இருக்கும் மிலான் ரொட்டியைக் கிழித்துத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன். சிஞோரா தன் தட்டைத் துடைத்துவிட்டு என் தட்டையும் பார்த்தார்.

துணைக்கு உருளைக்கிழங்கு மசியல் வருகிறது. சுமார். கட்டி தட்டுப்பட்டது.

கன்று இறைச்சியை மூடிப் புழுக்கும் வேறு சில பண்டங்களும் அவ்வப்போது மெனுவில் தலைகாட்டுகின்றன. மெல்லிய துண்டுக்குள் பூரணம் வைத்துச் சுருட்டிய மெஸ்ஸிகானி சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது, நினைவில் நிற்கவில்லை. ஒருமுறை விருந்தாளியாக ஜெனோவா முறை ‘உச்செல்லெத்தோ’ வைத்திருந்தார்கள், சிறு துண்டுகளாக வெட்டிய கன்று, பிரிஞ்சி இலை, வெள்ளை வைன். ஜெனோவா இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் மலையைத் தாண்டினால் வெண்ணெய் போய் ஆலிவ் எண்ணெய் வந்துவிடுகிறது. இந்தச் சமையலறைக்கு ஆலிவ் எண்ணெயில் கை பழகவில்லை. இலையின் மணம் வருவதற்கு முன்பே இறைச்சி விறைத்துவிட்டது. அந்தப் பண்டத்துக்கு அந்த ஊருக்கே போய்விடுங்கள்.

சேவை? பெரியவர் முன்கோபி. ஒஸ்ஸோபூக்கோவுக்குப் பாலாடைக்கட்டி துருவிக் கேட்ட பக்கத்து மேசைக்காரரிடம் “ரிசோத்தோவின் உள்ளே இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் இரண்டு தடவை கேட்டபின் வந்தது. ஆனால் அவரிடம் “இன்று எது நன்றாக இருக்கிறது” என்று கேட்டால் பொய் சொல்லமாட்டார். ஒரு மாலை, ரொஸ்தின் நெகா கேட்டபோது, “இன்று துண்டு சின்னதாக வந்திருக்கிறது, வேண்டாம்” என்றார். விலை கூடிய பண்டத்தை விற்காமல் விடுகிற பரிமாறுபவர் கிடைப்பது அரிது. தண்ணீருக்குக் காத்திருக்கலாம்.

பணம். நான் கடைசியாகப் போனபோது ரிசோத்தோவோடு ஒஸ்ஸோபூக்கோ 29 யூரோ, ரொஸ்தின் நெகா 23 யூரோ, மேசைக் கட்டணம் தலைக்கு 3 யூரோ. மலிவல்ல. மாதக் கடைசியில் நான் அந்தத் தெருப்பக்கம் போவதில்லை. ஒல்த்ரெப்போ பவேசெயிலிருந்து வரும் பொனார்தா வைன் அரை லிட்டர் கூஜாவில் தருகிறார்கள், லேசாக நுரைக்கும் சிவப்பு. வெண்ணெய்க் கனத்துக்கு அந்த நுரை நன்றாக ஈடுகொடுக்கிறது. புட்டியில் வரும் விலை உயர்ந்தவற்றுக்குத் தேவை இல்லை. இனிப்பு வகைகள் வெளியிலிருந்து வாங்கியவை என்பது என் ஊகம். காபியோடு எழுந்துவிடுங்கள்.

இரண்டு பேராகப் போவதானால் ஒருவர் ரிசோத்தோவோடு ஒஸ்ஸோபூக்கோ, மற்றவர் ரொஸ்தின் நெகா என்று சொல்லுங்கள், மசியலை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஒரு ரிசோத்தோவே இருவருக்கும் காணும். இரவு எட்டு மணிக்கு முன்பதிவு செய்வது நல்லது, தொலைபேசியில்தான், அதுவும் நீண்ட நேரம் மணி அடித்தபிறகுதான் எடுப்பார்கள். குளிர்காலம் உகந்தது. ஜூலை வெயிலில் இந்தத் தட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஆகஸ்டில் எப்படியும் கடை மூடியிருக்கும். உட்கார்ந்தவுடன் மஜ்ஜைக் கரண்டியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வந்தபிறகு கேட்டால், அது வந்து சேர்வதற்குள் மஜ்ஜை ஆறிவிடும்.